நான் கிடப்பில் போட்ட கட்டுரை

ஸ்டெல்லாவின் ஆய்வுக் கட்டுரையை ஒரு வருடத்துக்கும் மேலாகக் கிடப்பில் போட்டவன் நான்தான். வேண்டுமென்றே போட்டேன்.

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். 

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் பேராசிரியர். ஓர் ஆய்விதழ் அந்தக் கட்டுரையை மதிப்பீட்டுக்காக எனக்கு அனுப்பியது. நிலக்கடலையின் இலைப்புள்ளி நோயை நொச்சிச் சாறு கட்டுப்படுத்துகிறது என்பது அதன் முடிவு. எழுதியவள் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது.

நானும் அதைத்தான் ஆராய்ந்து எழுதியிருந்தேன். அதே நொச்சி, அதே முடிவு! என் கட்டுரை வேறோர் இதழில் காத்துக் கிடந்தது. அவளுடையது முந்திக்கொண்டால் என் உழைப்பு என்னாவது?

இதழின் ஆசிரியர் நினைவூட்டும்போதெல்லாம் உடல்நிலை சரியில்லை என்று எழுதினேன். என்னுடையது அச்சேறியதும் மதிப்பீட்டை அனுப்பினேன்: 'இம்முடிவு முன்பே வெளியாகிவிட்டது.' சான்றாக என் கட்டுரையையே காட்டினேன்.

கட்டுரை வராததால் அவளுடைய முனைவர் பட்டம் தள்ளிப்போனது. நிரந்தர வேலை ஒன்று கைநழுவியது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவளே சொன்னாள். கண்டமங்கலத்துப் பெண். இந்த ஆண்டு என் துறையிலேயே தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறாள். விழுப்புரத்திலிருந்து இருவரும் ஒரே ரயிலில் வருகிறோம்.

முண்டியம்பாக்கம் தாண்டியதும் ஒருநாள் கேட்டாள்: "ரிவ்யூ வருமா வருமான்னு பார்த்துக்கினே இருந்தேன் சார். உங்க பேப்பர் வந்த வாரமே ரிவ்யூவர் அதைக் காட்டி எழுதிட்டாரு. எப்படி சார் அவ்ளோ சீக்கிரம் பார்த்தாரு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "தேடிப் பார்த்திருப்பாரும்மா."

"இருக்கும் சார்."

தெரிந்துதான் கேட்டாளா? அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் துறைத்தலைவர் அறைக்குள் நுழைந்தாலே என்னைப் பற்றிப் புகார் சொல்லத்தானோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அந்த இதழிலிருந்து மறுபடியும் மின்னஞ்சல். அவள் கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருக்கிறாளாம். நானே மீண்டும் மதிப்பிட வேண்டுமாம். நான் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் அவள் படிப்பாள். என் நடை அவளுக்கு இப்போது பழக்கம். எழுதாமல் விட்டாலோ... மறுபடியும் அதே தாமதம், அதே நான்.

இன்று காலை ரயிலில் சொன்னாள்: "திருத்தி அனுப்பிட்டேன் சார். இந்தத் தடவையாவது ஜல்தியா முடிச்சுடுவாங்கல்ல?"

"முடிச்சுடுவாங்கம்மா" என்றேன்.

அந்தக் கட்டுரையை நான் இன்னும் திறக்கவில்லை.