வெறும் வயிற்றில் எட்டு ரவுண்டு

சாப்பிடாமல் வருகிறவர்களைச் சாப்பிடாமலேயே குதிக்க வைத்து அனுப்புவதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. கடலூர் முதுநகரில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடி, பெண்களுக்கு மட்டுமான ஜிம். அண்ணாகிராமம் பக்கத்துக் கவர்மெண்ட் ஸ்கூலில் கபடி ஆடியவள் நான். அப்புறம் மூணு மாசக் கோர்ஸ், ஒரு சர்டிபிகேட், ஒரு விசில், அவ்வளவுதான் என் தகுதி. பிள்ளையை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டுப் பத்து மணி பேட்சுக்கு வந்து நின்றால், எதிரே பதினைந்து பேர் நிற்பார்கள். எல்லாரும் முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டவர்கள். முப்பது வினாடி உயிரைக் கொடுத்துக் குதிக்க வேண்டும், முப்பது வினாடி மூச்சு வாங்க வேண்டும். இப்படி எட்டு ரவுண்டு. பதினொரு மணிக்கு மேல்தான் வாயில் எதையாவது போடலாம். இதைச் செய்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூணாவது ரவுண்டில் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்குமே, அந்தப் பூச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உப்புமாவில் உப்பு

ராஜேஸ்வரி அம்மா பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு சமைக்கிறவர். வேலையை முடித்துவிட்டு நேராக எங்களிடம் வருவார். ஐம்பது வயது, முட்டி வலி, ஆனாலும் ஒரு ரவுண்டு விடமாட்டார். ஒரு மாதமாக எடை மட்டும் அசையவே இல்லை. காலையில் எதையாவது வாயில் போடுகிறீர்களா என்று கேட்டேன். சமைத்ததைப் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் யாராவது ருசி பார்த்தாக வேண்டும், அந்த ஆள் தான்தான் என்றார்.

துளி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாமே என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் துப்புனதப் பாத்துட்டு எந்தப் புள்ள பாப்பா அந்த உப்புமாவத் தொடும்?"

இதர காரணம்

புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு ஃபாரம் உண்டு. எதற்காக எடை குறைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. கல்யாணம், பிரசவத்துக்குப் பின், டாக்டர் சொன்னது, இதர காரணம் என்று நாலு கட்டம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் ஆரம்பிக்கும் திருநீற்றுப் புதனுக்கு மறுநாள் வந்த ஸ்டெல்லா அக்கா நாலாவது கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் 'தம்பிக்கு' என்று எழுதியிருந்தார். முப்பத்தி நாலு வயது, இரண்டு பிள்ளைகள், எழுபத்தெட்டு கிலோ. வீட்டுக்காரர் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை.

கல்யாண போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று வருகிறவர்கள்தான் எங்களுக்கு ஜாஸ்தி. நானும் அதே நினைப்பில், "தம்பிக்குக் கல்யாணமாக்கா? எந்த மண்டபம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவரும் சிரித்தார். "அவனுக்குப் பொண்டாட்டி புள்ளையெல்லாம் இருக்கு மிஸ். கல்லீரல் போயிடுச்சு. என்னுது அவனுக்குச் சேருதாம், ஆனா கொழுப்பு படிஞ்சிருக்காம், ரெண்டு மாசத்துல பத்து கிலோ எறக்கிட்டு வந்தாதான் பாதிய வெட்டி எடுப்பாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமையும்

எங்கள் பேட்சில் பாதிப் பேர் வீட்டில் டயட் என்று சொல்வதில்லை. சொன்னால் சண்டை. வெள்ளிக்கிழமை விரதம், கிருத்திகை விரதம் என்று சொல்லிவிட்டால் கேள்வி கிடையாது, பக்கத்து வீட்டில் பெருமையாகக் கூடச் சொல்வார்கள். ஸ்டெல்லா அக்காவுக்குத் தவக்காலம் கைகொடுத்தது. மாமியாரிடம் ஒருசந்தி பிடிக்கிறேன், ஒரு வேளைதான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். கல்லீரல் சமாச்சாரம் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் அம்மா காதுக்குப் போகக் கூடாது என்பது அவர் கண்டிஷன்.

ஒரே சிக்கல், தவக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது. அன்றைக்கும் காலையில் இவர் சாப்பிடவில்லை என்றதும் மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்ன சொல்லிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க அத்தை குடிக்கிற டீயில சக்கரை கொறையணும்னு வேண்டிக்கிட்டேன்னேன் மிஸ். அதுலேர்ந்து அவுங்களும் சக்கரையப் பாதியாக்கிட்டாங்க."

படிக்கட்டு

ஒரு நாள் பேட்ச் முடிந்து எல்லாரும் போன பிறகு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் ஸ்டெல்லா அக்கா. ஏறுகிறார், இறங்குகிறார். எட்டு ரவுண்டு போதவில்லையாம். உதடு வெளுத்திருந்தது, கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. பதினொரு மணிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தோண்டித் தோண்டிக் கேட்டபோதுதான் சொன்னார். பத்து நாளாக ஒரு கொய்யாப்பழம், மோர். சாயந்திரம் ரெண்டு இட்லி.

எனக்குத் தெரிந்ததெல்லாம் விசில் ஊதுவது. அவரிடமே நம்பர் வாங்கி, ஆபரேசன் செய்யப்போகிற சென்னை ஆஸ்பத்திரியில் இதைக் கவனிக்கும் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் கோபமாகத்தான் பேசினார். முட்டை, பருப்பு, காய் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு தரம் ரத்தம் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரில் போட்டு ஸ்டெல்லா அக்காவையும் கேட்க வைத்தேன். கடைசியில் அந்தம்மா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "கொறையறது கொழுப்பா இருக்கணும்மா, ஆளா இருக்கக் கூடாது."

போர்டு

எங்கள் ஓனர் உமா அக்கா கெட்டவர் இல்லை. ஸ்டெல்லா அக்காவிடம் ஃபீஸ் வாங்க வேண்டாம் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? எடை குறைத்தவர்களின் 'முன்பு, பின்பு' போட்டோக்களை ஒட்டி வாசலில் போர்டு வைப்பது அவர் வழக்கம். அறுபத்தொன்பதுக்கு வந்துவிட்டார் என்று நான் சொன்ன அன்றைக்கு உமா அக்காவின் முகம் மலர்ந்தது.

"மொத நாள் எடுத்த போட்டோ இருக்குல்ல கலா? ஆபரேசனுக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொண்ணு எடுத்து வெச்சிடு, அப்புறம் தையலோட நின்னா போர்டுல நல்லா இருக்காது."

சிதம்பரத்தில் ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை சாயந்திரம் சிதம்பரத்தில் ஒரு மாடி ஜிம்மில் நான் கிளாஸ் எடுப்பேன். ஸ்டெல்லா அக்காவின் தம்பி அந்த ஊர்க்காரர். ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆட்டோவில் வந்து இறங்கினார். முப்பது வயசு இருக்கும். கண் இரண்டும் மஞ்சள், வயிறு மட்டும் முன்னால் தள்ளி, கால் வீங்கி, செருப்பு வாரைக் கழற்றிவிட்டுப் போட்டிருந்தார். படி ஏற முடியாது என்பதால் நான்தான் கீழே போனேன். குடித்துக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள், பத்துப் பேர் நினைத்து நேரிலேயே கேட்டும் விட்டார்கள். எப்போதோ வந்த காமாலை ரத்தத்திலேயே தங்கிவிட்டதாம்.

அக்கா எப்படிக் குதிக்கிறார் என்று கேட்டார். போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். ஸ்டெல்லா அக்கா விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற முப்பது வினாடி. மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டேன்னாலே வயித்துவலின்னு படுத்துக்குவா மிஸ் இவ. இவள ஓட வெக்க நான் சாவக் கெடக்க வேண்டியதாப் போச்சு பாருங்க."

ஈஸ்டர் பிரியாணி

அறுபத்தெட்டைத் தொட்டாயிற்று. ஸ்கேன் நன்றாக வந்தது. ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை ஆபரேசன் என்று தேதியும் கொடுத்தார்கள். அதற்குள் தம்பிக்குக் காய்ச்சல் வந்து நேராக ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் தள்ளிவைக்கிறோம், அதுவரைக்கும் எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஸ்டெல்லா அக்காவுக்கு உத்தரவு. ஆனால் தவக்காலம் முடிந்துபோயிற்று. ஈஸ்டர் அன்று காலையில் மாமியார் மட்டன் பிரியாணியைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். ஆண்டவரே எழுந்துவிட்டார், இனிமேல் யாருக்கு ஒருசந்தி என்று கேட்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார் ஸ்டெல்லா அக்கா.

செவ்வாய்க்கிழமை மாமியாரும் கூடவே வந்து நின்றார். வெள்ளைப் புடவை, கழுத்தில் ஜெபமாலை. சத்தம் போடுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டு ரவுண்டையும் வாய் திறக்காமல் பார்த்தார். பதினொரு மணி அடித்ததும் பையிலிருந்து அவித்த முட்டை மூணை எடுத்து, உரித்து, மருமகள் கையில் கொடுத்தார். போகும்போது என் பக்கம் திரும்பினார்.

"அறுத்துக் குடுக்கப்போற ஒடம்பப் போட்டு இந்த ஆட்டு ஆட்டுறியேம்மா, வீட்டுல உனக்கும் புள்ள இருக்குதுல்ல?"

டீ

இரண்டு வாரம் முழுதாகப் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் தம்பி போய்விட்டார். சேதி வந்ததும் நானும் ராஜேஸ்வரி அம்மாவும் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனோம். வாசலில் ஷாமியானா, உள்ளே ஐஸ் பெட்டி. அவர் மனைவி மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தார். தலைமாட்டில் ஸ்டெல்லா அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அழவே இல்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை, நீயாவது சொல்லிப் பாரம்மா என்று மாமியார் என் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்தார்.

மணி பத்தரை இருக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, டம்ளரை வாய் பக்கம் கொண்டுபோனேன். முகத்தை ஒதுக்கிக்கொண்டார். என்னை அடையாளம் தெரிந்ததும் அவர் கண் என் கைக்கடிகாரத்துக்குப் போயிற்று.

"பதினொண்ணு ஆயிடுச்சா மிஸ்?"

மறுபடியும் பத்து மணி பேட்ச்

ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு வந்து வரிசையில் நின்றார். ராஜேஸ்வரி அம்மா தன் இடத்தை விட்டு நகர்ந்து அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். எடை மிஷினில் ஏறினார், அறுபத்தியாறு. எனக்கு விசில் ஊத வரவில்லை, போன் டைமர்தான் தானாகச் சத்தம் போட்டது. இரண்டு ரவுண்டு குதித்தார். மூணாவதில் டைமரை அணைத்துவிட்டு அவரைத் தனியே கூப்பிட்டேன். போதும்க்கா, இனிமேல் இதற்கு அவசியமில்லை, வீட்டுக்குப் போய் மூணு வேளையும் சாப்பிடுங்கள், அத்தையிடம் நானே பேசுகிறேன் என்றேன். கோபப்படவில்லை. விவரம் புரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டார்.

"நிறுத்துனா திரும்பக் கொழுப்பு ஏறிடும் மிஸ். அவனுக்குன்னு சுத்தம் பண்ணி வெச்சது."

எடை குறையவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிக்க அந்த மூணு மாசக் கோர்ஸில் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், குறைத்து முடித்துவிட்டு வந்து நிற்கிறவருக்கு என்ன பதில் சொல்வதென்பதுதான் அந்த சிலபஸில் இல்லை.