விசாரிக்க வந்தவள்

அரசாங்கத்தின் மேல் யாராவது சிவில் வழக்குப் போட்டால், அரசு வக்கீல்தான் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன், வழக்கில் சொல்லியிருப்பது நிஜமா என்று நேரில் போய்ப் பார்த்துவர ஓர் ஆள் தேவை. சேலத்தில் அந்த ஆள் நான். சொந்தக்காரர்கள் என்னைத் துப்பறியும் நிபுணர் என்று கேலி செய்வார்கள். துப்பறிந்ததைவிட பஸ்ஸுக்குக் காத்து நின்றதுதான் அதிகம்.

எடப்பாடிப் பக்கம் ஒரு விசைத்தறிக்காரர் வழக்குப் போட்டிருந்தார். ரோட்டை அகலப்படுத்தியபோது சாக்கடையை உயர்த்திக் கட்டிவிட்டார்களாம். மழை பெய்தால் தண்ணீர் முழுக்க அவர் வீட்டுக்குள்ளும் தறிக்கூடத்துக்குள்ளும் வருகிறதாம். அதற்கு வாய்ப்பே இல்லை என்றது ரோடு போட்ட இலாகா. "போய்ப் பாத்துட்டு வந்திரு" என்றார் அரசு வக்கீல் அம்மா.

தெருமுனையில் ஒரு தையல்கார அம்மா, "ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?" என்றார்.

"கடைசி ஊட்டுத் தறிக்காரரைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்க வந்தேனுங்க."

உடனே மிஷினை நிறுத்திவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். "நல்ல எடமாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க. தங்கமான குடும்பமுங்க. தறி ராப்பகலா ஓடுது. ஊடு நல்ல மேட்டுல இருக்குது. எத்தனை மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு ஏறாது."

கேட்காமலே சாட்சி கிடைத்துவிட்டது. எதிரே இருந்த மளிகைக்கடைக்காரரும் வந்து, அதையே இன்னும் அழகாகச் சொன்னார். இவ்வளவு சுலபமாக ஒரு வழக்கு எனக்கு அமைந்ததே இல்லை.

அதற்குள் செய்தி போய், தறிக்காரரே சலவைச் சட்டையோடு வந்துவிட்டார். "வாங்க, வாங்க" என்றவர், நான் யாரென்று சொல்ல இடமே கொடுக்காமல் வீட்டுக்கு அழைத்துப் போனார். தறிகள் அசையாமல் நின்றன.

"இன்னைக்குக் கரண்ட் இல்லீங்க" என்றார். அவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கட்டில் நான்கு செங்கல் மேல் நின்றது. சாமி காலண்டர் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தது. உட்கார்ந்து கும்பிடுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் மனைவி பஜ்ஜியும் காபியும் கொண்டுவந்து வைத்தார்.

"பையன் பெங்களூர்லீங்களா?"

"எந்தப் பையனுங்க?"

"மாப்பிள்ளைப் பையனுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு இருப்பது ஒரே பையன். அவன் மூன்றாம் வகுப்பு. கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, அரசு வக்கீல் ஆபீசிலிருந்து வருவதாகச் சொன்னேன்.

சமையலறைக் கதவருகே நின்ற பெண்தான் முதலில் சிரித்தாள். "இப்ப எனக்குக் கல்யாணம் வேண்டாமுன்னு எத்தனை தடவை சொன்னேன்ப்பா."

"நீங்க கவர்மெண்டு ஆளுங்களா?" என்றார் தறிக்காரர். "ஆமாங்க" என்றதும் எழுந்துபோய்க் காலண்டரைக் கழற்றினார். பின்னால் சுவரில் பட்டையாகச் சேற்றுக்கறை. "கரண்ட் இருக்குதுங்க. மோட்டாரெல்லாம் நனைஞ்சு கெட்டுப்போச்சு" என்றார். இதுவரை மறைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினார். சரிவு மாறிக் கட்டியிருந்த சாக்கடைக்கும் அழைத்துப் போனார்.

அந்தப் பெண் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். கூடத்தில் செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கெட்டால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தவர் அதே தையல்கார அம்மா.

திரும்பும்போது அவரிடம் கேட்டேன். கொஞ்சம்கூட அசரவில்லை.

"கல்யாணத்துக்கு விசாரிச்சா அப்படித்தானுங்க சொல்லோணும். கோர்ட்டுக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நெசத்தைச் சொல்லியிருப்பனுங்களே."

ஆபீசில் இதைச் சொன்னபோது வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு இலாகா இன்ஜினியரைக் கூப்பிட்டு, அடுத்த மழைக்கு அந்த வீட்டில் போய் உட்காரச் சொன்னார். அவர் போனார், முழங்கால்வரை நனைந்து வந்தார். சாக்கடையை இடித்துச் சரிவு பார்த்துக் கட்டினார்கள். வழக்கு சமரசமானது.

அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் தறிக்காரர் என்னைத் தேடி வந்தார். தறி ஓடுகிறது என்றார். மகள் கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம்.

"கல்யாணத்தை அவ சொல்றப்பப் பாத்துக்கலாமுன்னு விட்டுட்டேனுங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருவரும் கேண்டீனுக்கு டீ குடிக்கப் போனோம்.