கட்டாருக்குப் போன பிள்ளைகள்

கமலாசனி மிஸ் முப்பத்தொரு வருடம் வவுனியாவில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவர். பென்சன் எடுத்தபின் ஒரு கொப்பி வாங்கி, தூள், ஐஸ் என்கிற போதைப்பொருள்கள் எங்கள் நகரத்துக்கு எப்போது வந்தன, எந்தெந்த வீட்டுக்குள் புகுந்தன என்று எழுதத் தொடங்கினார். இங்கே ஒரு சிகிச்சை நிலையம் வேண்டும் என்று கேட்டுப் போனவரை, "அப்படியொரு பிரச்சினை இருக்கிறதுக்குப் பதிவே இல்லையே" என்று ஒரு அதிகாரி திருப்பி அனுப்பியிருந்தார். பதிவு எப்படி இருக்கும்? செத்த வீட்டிலேயே 'காய்ச்சல்' என்று சொல்லி முடிக்கிற ஊர் இது.

எங்களூரில் ஒரு பொடியன் ஆறு மாதம் கண்ணில் படவில்லையென்றால் அவன் அரபு நாட்டு வேலைக்கு, கட்டாருக்குப் போயிருக்கிறான் என்பார்கள். போதையிலிருந்து மீட்கும் இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் புனர்வாழ்வு நிலையம். வன்னியில் எந்தத் தாயின் வாயில் அந்தச் சொல் வரும்? போர் முடிந்த கையோடு முகாமில் இராணுவம் பிள்ளைகளைப் பிரித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதற்கும் அதே பெயர்தான். ஆகவே கட்டார்.

மிஸ்ஸை ஸ்கூட்டியில் ஏற்றித் திரிந்தவள் நான். நாற்பத்திரண்டு வீடு எழுதினோம். முப்பத்தைந்தில் பதில் கட்டார். அந்தக் கொப்பி வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காரருக்குத்தான் உதவும் என்று எரிச்சலில் சொன்னேன். மிஸ்ஸின் மகன் நிரஞ்சனும் ஐந்து மாதமாகக் கட்டாரில்தான். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் உண்மை எனக்குத் தெரியும். யாராவது கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரு தடவைகூட அவர் மகனைப் பார்க்கப் போகவில்லை. கொப்பியில் தன் வீட்டையும் எழுதவில்லை.

போன கிழமை பூவரசங்குளத்தில் வீரம்மா வீட்டுக்குப் போனோம். அவளுடைய மகன் கிருபனுக்குச் சின்னதில் மாதாமாதம் நிறை பார்த்தவர் மிஸ்தான்.

"கிருபன் எங்க?"

"கட்டார்ல, மிஸ்."

"கட்டார்ல எந்தப் பக்கம்?" உத்தியோகம் போனாலும் மிஸ்ஸின் குரலில் அந்தக் கண்டிப்பு போகவில்லை.

வீரம்மா அவரை நேரே பார்த்தாள். "உங்கட நிரஞ்சன் நிக்கிற பக்கந்தான். ஞாயிற்றுக்கிழமை என்ர மகனைப் பார்க்கப் போனனான். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். தம்பி இப்ப கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கிறார், மிஸ். அம்மா வருவாவோ எண்டு என்னட்டைக் கேட்டவர்."

மிஸ்ஸுக்கு அழுகை வந்துவிட்டது. வீரம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

குடித்து முடித்தபின் மிஸ் கொப்பியை எடுத்து எழுதினார்: "நிரஞ்சன், வயது இருபத்தாறு. ஐஸ். தாய் கமலாசனி."

வீரம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். எட்டிப் பார்த்தாள்.

"இனி என்ர மகனை எழுதுங்கோ, மிஸ்," என்றாள். "வாற ஞாயிறு ரெண்டு பேருமாப் போவம்."