செவ்வாய்க்கிழமை ரத்தம்

கதவைச் சாத்தும்போது எதெல்கா தன் உள்ளங்கையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக்கொள்வார். கதவு வந்து கையில் பட்டதும் கையை மெல்ல உருவிக்கொள்வார். சத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியும் அலமாரியும் அப்படித்தான் சாத்தப்படும். வீட்டில் மீன் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவதும் அப்படித்தான். தம்பி மகன் ஒருநாள் கேட்டே விட்டான்: "ஏன் அத்தே, குழம்புக்குள்ள யாராச்சும் தூங்குறாங்களா?"

எதெல்காவுக்கு அறுபத்தொரு வயது. செகெத் நகரில், தீஸா ஆற்றைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், முப்பத்தொரு வருஷமாக மனித ரத்தத்திலிருந்து நியூட்ரோபில்களைப் பிரித்தெடுக்கிறார். வெள்ளணுக்களில் அது ஒரு ஜாதி. உடம்பில் எந்த மூலையில் கிருமி நுழைந்தாலும் முதலில் ஓடி வருவது அதுதான். வந்து விழுங்கும். விழுங்க முடியாவிட்டால் தன் வயிற்றையே கிழித்து, உள்ளே இருக்கும் நூலை வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைத்துத் தானும் செத்துப்போகும். ஆயுசு என்னவோ ஒரு நாள்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில். குழாயைக் கொஞ்சம் வேகமாக ஆட்டினால் போதும், கிருமி வந்துவிட்டதென்று துள்ளி எழுந்துவிடும். எழுந்துவிட்ட அணுவை வைத்து ஆராய்ச்சி நடத்த முடியாது. தூங்குகிறதை எழுப்பினால்தானே எது எழுப்பியது என்று சொல்லலாம்?

"குலுக்காதீங்க, முழிச்சுக்கும்." ஒரு நாளில் எதெல்கா இதை எத்தனை முறை சொல்வார் என்று எண்ணிச் சொல்ல ஆளில்லை. பொட்டலம் கொண்டுவருகிறவரிடம் சொல்வார், தலைமை ஆராய்ச்சியாளர் டாக்டர் கிங்காவிடமும் அதே குரலில் சொல்வார். ரத்தத்தைக் குழாயின் உட்சுவரில் சாய்த்து விடும்போது சொட்டு விழும் ஓசை கேட்கக் கூடாது. சுழற்றும் எந்திரத்துக்கு பிரேக் போட விடமாட்டார். அது தானாகவே நிற்கட்டும் என்று தாழ்வாரத்துக்குப் போய், ஜன்னல் ஓரத்தில் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு காத்திருப்பார். அவசரக்காரர்களுக்கு அவர் சொல்லும் பதில்: "அவசரமா இருந்தா சிவப்பணு படிங்க. அது எதுக்கும் கோவிச்சுக்காது."

ரத்தம் கொடுக்கப் பட்டியலில் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேர் வருவார்கள், போவார்கள். ஐந்தாவது ஆள் காஷ்பார். அதே கட்டடத்தின் கொதிகலன் அறையைப் பார்த்துக்கொள்கிறவர், எதெல்காவைவிட மூன்று வயது மூத்தவர். மனைவி பிரோஷ்கா இறந்த வருஷம், "சும்மா உக்காந்திருக்கேன், ரத்தமாவது யாருக்காச்சும் ஆகட்டும்" என்று மாடியேறி வந்தார். அதிலிருந்து பத்தொன்பது வருஷம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. தீஸா பெருகி ஆற்றங்கரைச் சாலை மூடப்பட்ட வசந்தத்தில்கூட ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளை நினைத்தால் எதெல்காவுக்கு இன்றைக்கும் முகம் இளகிவிடும். காஷ்பார் பிறந்தது பாயா ஊர். மீன் குழம்பில் சேமியா போடும் ஊர். செகெத்காரர்களுக்கு அது காதில் விழக்கூடாத சங்கதி. ஊசி ஏறும்போதே சண்டை ஆரம்பிக்கும்.

"குழம்புல சேமியா போடுற ஊர்க்காரனுக்கு அணு மட்டும் எப்படிய்யா இவ்வளவு சாதுவா இருக்கு?"

"வயிறு நெறஞ்சா எதுக்கு முழிக்கணும்? உங்க ஊர்க் குழம்பைக் குடிச்சா வெறும் தண்ணி. அதான் உங்க ஆளுங்க அணுவெல்லாம் பசியில கத்துது."

சாது என்றால் அப்படியொரு சாது. பிரித்தெடுத்து நாலு மணி நேரம் ஆனாலும் காஷ்பாருடைய நியூட்ரோபில்கள் உருண்டையாக, ஆடாமல் அசையாமல் கிடக்கும். எந்தச் சோதனையென்றாலும் முதலில் அவர் அணுவில் பார்ப்பதுதான் வழக்கம். மற்றவர்களுடையதை அதற்கு எதிரே வைத்துத்தான் அளப்பார்கள். ஒளிரும் நுண்ணோக்கி புதிதாக வந்த வருஷம் எதெல்கா அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். காஷ்பார் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். "எல்லாம் என்னுதா? ஒண்ணுகூட வேலை செய்யலையே. என் மாமியா சொன்னது சரிதான் போல" என்றார். எதெல்கா சிரித்த சிரிப்பில், அன்றைக்குக் குழாய் நன்றாகவே குலுங்கியது.

போன பிப்ரவரியில் அந்த அணுக்கள் விழித்துக்கொண்டன.

கிருமியின் வாசனைகூடக் காட்டாத தட்டிலேயே வலை வீசிக் கிடந்தன. எதெல்கா முதலில் தட்டைச் சந்தேகப்பட்டார், பிறகு திரவத்தை, பிறகு எந்திரத்தை. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. மூன்று செவ்வாய்க்கிழமை, ஆறு வாரம், அதே கதை. காஷ்பார் அணுவில் சரியாக வராமல் மற்றவர்களைக் கூப்பிடுவதில்லை என்பதால், எதிரே வைத்துப் பார்க்க வேறு ரத்தமும் இல்லை. டாக்டர் கிங்கா நல்ல பெண். இருபது வருஷமாகப் பழக்கம். ஆனாலும் ஆராய்ச்சி நடந்தாக வேண்டுமே.

"யானைக்கும் அடி சறுக்கும்க்கா. கை கொஞ்சம் ஓஞ்சு போயிருக்கலாம். அடுத்த மாசத்துலேருந்து பிரிக்கிற வேலையை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாமா? நீங்க நோட்டெல்லாம் பாத்துக்கோங்க."

எதெல்கா அன்று வீட்டுக்குப் போய் ஒரு தம்ளரை விளிம்புவரை நிரப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை. அசையாததைப் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை. முப்பத்தொரு வருஷம் தன்னுடையது என்று இருந்தது இந்தக் கை ஒன்றுதான். அதுவும் போனால் மிச்சம் என்ன?

அடுத்த காஷ்பார் முறைக்கு மற்றொரு கொடையாளரையும் வரச் சொன்னார். ஒரே காலை, ஒரே கை, ஒரே எந்திரம். அந்த ஆளின் அணுக்கள் குழந்தை மாதிரி தூங்கின. காஷ்பாருடையது மட்டும் வலையும் கிழிசலுமாகக் கிடந்தது. எதெல்கா நேராகக் கொதிகலன் அறைக்கு இறங்கிப் போனார். காஷ்பார் பாலாடைக்கட்டி ரொட்டியைக் காப்பியில் முக்கி, வாயின் வலப்பக்கத்தில் மட்டும் ஒதுக்கி மென்றுகொண்டிருந்தார். அறையெல்லாம் லவங்க வாசனை.

"என்னய்யா லவங்கம்?"

"கறியில போட்டேன்."

"காலையில ஏழரைக்கு ஊசி போடும்போதே இதே வாசனை. அந்நேரத்துக்கு எவன்யா கறி திம்பான்? வாயைத் தொற."

திறந்தார். கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் கறுத்து, ஈறு வீங்கி, சீழ் கட்டியிருந்தது.

"எத்தனை நாளா?"

"புதுவருஷத்துக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே."

ரத்தம் எடுக்கும் முன் ஏழு கேள்வி கேட்க வேண்டும். காய்ச்சல், சளி, புண், பல்வலி, மாத்திரை, தடுப்பூசி, வயிற்றுப்போக்கு. கேட்டு, பதிலைக் குறித்து, கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற நான்கு பேரிடமும் எதெல்கா கேட்பார். காஷ்பார் தாளில் மட்டும் திங்கட்கிழமை சாயந்திரமே ஏழு 'இல்லை'க்கும் குறி போட்டு வைத்துவிடுவார். கேள்வியில் போகும் நேரத்துக்குச் சண்டையாவது போடலாமே என்றுதான். பத்தொன்பது வருஷமாக அதுதான் நடந்துவந்தது.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

காஷ்பார் கோப்பையை வைத்தார். "பொய் சொல்லியிருப்பேன். பட்டியல்லேருந்து எடுத்துட்டா செவ்வாக்கிழமை நான் எங்க போவேன் எதெல்கா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கே போய்ப் புடுங்கிடறேன். அடுத்த தடவை எல்லாம் சரியாயிடும். கிங்காகிட்ட சொல்லாதே. சொன்னா உனக்கும் பேர் கெடும், எனக்கும் ரத்தம் குடுக்கிற நாற்காலி போயிடும்."

சொல்லாவிட்டால் எதெல்காவின் கைவேலை போய்விடும் என்பது காஷ்பாருக்குத் தெரியாது. எதெல்கா அதைச் சொல்லவும் இல்லை. மாடிப்படியில் இரண்டு முறை நின்றார். சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு மனம் கேட்டது, கேட்காமல் இருக்குமா? மேலே போனதும் காஷ்பார் பெயர் போட்ட தாள்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் கிங்காவின் மேசையில் வைத்தார்.

"தப்பு கை இல்லை கிங்கா. பேனா. கேக்காமலே குறி போட்டிருக்கேன். அவருக்குப் பல்லுல சீழ். இதெல்லாம் அவர் சொன்ன பதில் இல்லை, நான் எழுதினது."

கிங்கா தாள்களைப் புரட்டினார். அந்த ஆறு வாரக் கணக்கும் குப்பைக்குப் போயிற்று. அதற்கு முந்தைய எட்டு மாதத்தையும் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியதாயிற்று. எதெல்காவுக்கு எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது, முப்பத்தொரு வருஷத்தில் முதல் கண்டனம். பிரிக்கிற வேலை மட்டும் அவரிடமே இருந்தது. இப்போது அவர் ஒவ்வொரு கேள்வியையும் ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். பல் என்றால் வாயைத் திறக்கச் சொல்லியே பார்த்துவிடுகிறார். புதிதாக வருகிறவர்கள் இது குதிரைச் சந்தையா என்று முணுமுணுக்கிறார்கள்.

காஷ்பார் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் மாடிக்கு வருவதில்லை. மாடியில் வெப்பக்குழாய் ஒழுகினாலும் தான் வராமல் காவல்காரரை அனுப்பிவைப்பார். எதெல்காவுக்கு அந்த வசந்தம் முழுக்கச் செவ்வாய்க்கிழமை காலைகள் ஊமையாகப் போயின. ரத்தம் வந்தது, அணு தூங்கியது, வேலை ஒழுங்காக நடந்தது. சண்டை போடத்தான் ஆளில்லை.

மே மாதம் கிங்காவே காஷ்பாரை ஒருமுறை வரவழைத்தார். ஈறு ஆறி, வீக்கம் போய், முகம் தெளிந்திருந்தது. எதெல்கா ஏழு கேள்வியையும் கேட்டார், அவர் ஏழுக்கும் பதில் சொன்னார், வேறு பேச்சில்லை. மத்தியானம் தட்டைப் பார்த்தால், அணுக்கள் அப்போதும் விழித்தே கிடந்தன.

கிங்கா அவரை உட்காரவைத்துச் சொன்னார். "பல் போயிடுச்சு மாமா. ஆனா அணு பொறக்குற இடம் எலும்புக்குள்ள. அங்க அந்தச் சண்டை இன்னும் ஞாபகம் இருக்கு போல. இப்ப புதுசா பொறக்குறதும் கோவத்தோடதான் பொறக்குதுன்னு நினைக்கிறேன்."

"பல்லே இல்லியேம்மா. எதுக்குக் கோவம்?"

"அதுக்குத் தெரியாதே."

"எப்ப மறக்கும்?"

"மாசக்கணக்குல ஆகலாம். யாருக்கும் சரியா தெரியலை. அதைத்தான் பல ஊர்ல இப்ப தேடிட்டிருக்காங்க. உங்களுக்கு அக்டோபர்ல அறுபத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல எடுக்க விதி இல்லை, மாமா."

காஷ்பார் தலையாட்டினார். "என் அணுவுக்காவது ஞாபகம் இருக்கட்டும். நான் கண்ணாடியை எங்க வெச்சேன்னே எனக்குத் தெரியலை." கிங்கா சிரித்தார். எதெல்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலில் அவர் பெயரின் மேல் கோடு இழுத்தது எதெல்காவின் கைதான். கோடு நேராகத்தான் வந்தது.

ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை. குளிர் போய்க் கொதிகலனை அணைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது, மாடியில் காஷ்பாருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஏழரை மணிக்கு அவர் வாசலில் நின்றார். எதெல்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு நாற்காலியைக் கண்ணால் காட்டினார். வந்து உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். கை மட்டும் தன்பாட்டுக்கு இடது சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டியது. சுருட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் சிவந்து, அவசரமாக இறக்கப் போனார்.

எதெல்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் முழங்கை மடிப்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். பிறகு, ஊசியே படாத அந்த இடத்தில் உலர்ந்த பஞ்சு ஒன்றை வைத்து, முழங்கையை மெல்ல மடக்கி விட்டார்.

"அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடி. எந்திரிக்கக் கூடாது."

காஷ்பார் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.