மலை வளைவில் அக்கா கேட்ட சத்தம்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு பழகிய ஆரியசாலைக் கடைக்காரர்களுக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. ஆனால் அக்காவின் மகள், "மாமா, அம்மாகூட அந்த மலைக்குப் போனது நீங்க ஒருத்தர்தான். நீங்கதான் எழுதணும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

அக்கா ஆரியசாலையில், எங்கள் அப்பாவின் வத்தல் மொத்தக்கடைக்கு மேலே இருந்த வீட்டில் பிறந்தார். அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்தவர். அக்கா சிறுபிள்ளையாக இருந்தபோது, சரக்கு விஷயமாகச் சென்னைக்குப் போன அப்பா அவரையும் கூட்டிப்போனார். அங்கே ஊருக்கு வெளியே, விமானம் இறங்காத பழைய ஓடுதளம் ஒன்றில் கார் பந்தயம் நடந்தது. தெரிந்த வியாபாரி ஒருவர் அங்கே அழைத்துப்போயிருக்கிறார். முதல் கார் வந்தபோது அக்கா பயந்து அப்பாவின் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாராம். இரண்டாவது கார் வந்தபோது ஒரு கண்ணை மட்டும் வெளியே எடுத்தாராம். "பயம் போகவே இல்லடே. ஆனா இன்னொண்ணு வராதான்னு இருந்துச்சு" என்று பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அப்பா திடீரென்று காலமானபின் அக்காதான் கடையில் உட்கார்ந்தார். அந்தச் சந்தில் கல்லாவில் உட்கார்ந்த முதல் பெண் அவர். மூட்டை இறக்குகிறவர்கள் முதலில் கேலி பேசினார்கள். பிறகு அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அக்காவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டாலே அழுதுவிடும் என்னை, படிப்பை விட்டபின் ஒரு வார்த்தை திட்டாமல் பக்கத்தில் உட்காரவைத்துத் தொழில் கற்றுத்தந்தார். அத்தானைக் கல்யாணம் செய்து கரமனையில் குடியிருந்தபோதும் காலையில் முதல் ஆளாகக் கடை திறந்தது அவர்தான்.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. இருதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னார். அக்கா ஓணம் கழியட்டும் என்றார். பிறகு தீபாவளி கழியட்டும் என்றார். அவர் தட்டிக்கழிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஏன் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பழைய காலத்துப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்து, வித்துராவுக்கு மேலே மலைப்பாதையில் ஓட்டிக் காட்டப்போகிறார்கள் என்ற செய்தி அவர் போனில் வந்தது. "அந்தச் சத்தத்தை ஒருதடவை கேட்டுட்டு வந்து ஆபரேஷனுக்குப் படுத்துக்கிடுதேன். கேக்காம படுக்கமாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டார்.

அத்தான் என்னைக் காட்டி, "இவனையா கூட்டிட்டுப் போறே? பட்டாசு வெடிச்சா கட்டிலுக்கடியில போற ஆளு இவன்" என்றார்.

"அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேருக்குள்ள பயத்தையும் அவனே பட்டுக்கிடுவான்லா. நான் சும்மா நின்னு பாக்கலாம்" என்றார் அக்கா.

டாக்டரிடம் கேட்டோம். நடக்கவைக்கக் கூடாது, கூட்டத்தில் நிறுத்தக் கூடாது, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கையிலேயே இருக்கவேண்டும் என்றார். வாடகைக் காரில் கரமனையிலிருந்து வித்துரா போகும்வரை அந்த மாத்திரையை உள்ளங்கையில் பிடித்திருந்தேன். வியர்வையில் அட்டை நனைந்துவிட்டது. அக்காவின் மடியில் ஒரு தடியங்காய் இருந்தது, திருஷ்டிக்கு உடைக்கிற பூசணி. எங்கள் சந்தில் புது லாரி வந்தாலும், பழுது பார்த்த லாரி வந்தாலும், தடியங்காயைக் குடைந்து குங்குமம் நிரப்பிச் சுற்றி உடைக்காமல் வண்டி நகராது. "அவ்வளவு பழைய வண்டி. எத்தனை பேர் கண்ணு படும்! ஓட்டுதவனுக்கும் வீட்டுல ஆளு இருக்கும்லா" என்றார்.

வித்துரா தாண்டி, ஒரு கொண்டையூசி வளைவில் இறங்கினோம். அங்கே ஆள் குறைவு. கொடி பிடித்த பெரியவர் ஒருவர் அக்காவின் நடையைப் பார்த்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொடுத்தார். பிறகு போன் பேசத் திரும்பிக்கொண்டார். நான் தண்ணீர் பாட்டில் எடுக்கக் காருக்குப் போனேன்.

திரும்பிப் பார்த்தபோது அக்கா சாலையின் நடுவில் நின்றிருந்தார். தடியங்காயை இரண்டு கையாலும் தூக்கிச் சுற்றினார். "எக்கா, கனம் தூக்காதக்கா!" என்று நான் கத்துவதற்குள் தரையில் அடித்துவிட்டார். வெள்ளைச் சதையும் விதையும் குங்குமமும் வளைவு முழுக்கச் சிதறின.

கொடிக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "அய்யோ, எந்து பணியாணு சேச்சீ காணிச்சது! வண்டி விட்டு! தாழெ நின்னு வண்டி விட்டு!"

கீழேயிருந்து பந்தயக் காரைக் கிளப்பி விட்டுவிட்டார்கள். அந்த ஈரத்தில் சக்கரம் பட்டால் வழுக்கும், வழுக்கினால் ஓட்டுகிறவர் பள்ளத்தில்தான் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது. ஊர்ச் சாலையில் உடைத்து உடைத்துப் பழகிய கை அது. நல்லது என்று நினைத்துச் செய்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் பள்ளத்தாக்கில் ஒரு வண்டு ரீங்கரிப்பதுபோல. பிறகு தகரத்தைக் கிழிப்பதுபோல. மலைக்கு அந்தப் பக்கம் போனதும் சுத்தமாக நின்றுவிட்டது. நின்றதுதான் இன்னும் பயமாக இருந்தது. அடுத்த வளைவில் திரும்பியதும் இருமடங்காக வந்தது. கொடிக்காரர் மஞ்சள் கொடியை வீசிக்கொண்டு கீழே ஓடினார். நான் வேட்டியை அவிழ்த்துச் சாலையில் போட்டுத் துடைத்தேன். அரைக்கால் நிக்கரோடு மண்டியிட்டுச் சதையை அள்ளி ஓடையில் வீசினேன். சத்தம் காதுக்கு முன் என் முழங்கால் வழியாக வந்தது. தார் அதிர்ந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளி ஈரத்தின்மேல் தூவிவிட்டு, அக்காவைப் பிடித்து மலைச்சுவரோடு ஒட்டி நின்றேன்.

கார் வந்தது. பச்சை நிறம், இடுப்பளவுகூட உயரமில்லை. கூரை கிடையாது, சக்கரங்கள் நாலும் உடம்புக்கு வெளியே. என்ஜின் மூடியைத் தோல்வாரால் கட்டியிருந்தார்கள். ஓட்டியவர் கொடியைப் பார்த்து வேகத்தைக் குறைத்திருந்தார். குறைத்ததால் பின்குழாய் பட் பட்டென்று வெடித்தது. எங்களைக் கடந்தபின் மறுபடி மிதித்தார். அந்த ஓசை எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வார்த்தை தெரியவில்லை. என் நெஞ்சுக்குள் வேறு யாரோ கத்தியதுபோல இருந்தது. பிறகு புகை வந்தது. விளக்கெண்ணெய் கருகிய வாசனை.

நான் காரை அரைக்கண்ணால்தான் பார்த்தேன். அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், உயிர் இருக்கிறதா என்று. அவர் உடம்பெல்லாம் நடுங்கியது. கண்ணில் தண்ணீர் ஓடியது. மாத்திரையை நீட்டினேன்.

"அதை வையிடே. அடுத்த வண்டி வருது, கேளு."

அன்று வந்த எல்லாக் கார்களையும் அக்கா நின்றுகொண்டே பார்த்தார். கொடிக்காரர் திரும்பி வந்து, "சேச்சீ, இனி வீட்டில்தன்னெ உடச்சால் மதி" என்று சிரித்தார். இனிமேல் வீட்டிலேயே உடைத்தால் போதுமாம். அக்கா அவரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். என்னைப் பார்த்து, "முதல்ல போய் வேட்டியைக் கட்டுடே, மானம் போகுது" என்றார்.

திரும்பும் வழியில் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்: "ஆபரேஷன்னா எனக்கு ரொம்பப் பயம்டே. கண்ணு முழிக்காமப் போயிருவேனோன்னு. அத்தான்கிட்டச் சொல்லல. பிள்ளைகிட்டயும் சொல்லல." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதிலும் அக்காவுக்குப் பயம் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சொன்னபடி ஆபரேஷனுக்குப் படுத்தார். கண் விழித்தார். வீட்டுக்கு வந்து, கடைக் கணக்கைக் கேட்டு, என்னைக் கேலி செய்யும் அளவுக்குத் தேறினார். பிறகு காய்ச்சல் வந்தது. எவ்வளவு மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி, வாயில் குழாய். கடைசியாக என்னை உள்ளே விட்டபோது அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பயம் இருந்தது. என்ன சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. குனிந்து அவர் காதருகே, வாயால் அந்தக் காரின் சத்தத்தை எழுப்பினேன். தூரத்தில் வருவது, மலைக்குப் பின்னால் நிற்பது, மறுபடி பெரிதாக வருவது. சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலமானார்.

அக்காவைப் பார்த்த டாக்டர்களுக்கும், ரத்தம் கொடுக்க ஓடிவந்த சுமைதூக்கும் தோழர்களுக்கும், காரியத்துக்கு வந்து எங்களோடு நின்ற ஒவ்வொருவருக்கும் அத்தான் சார்பிலும் மகள் சார்பிலும் நன்றி. மலைவளைவில் நாற்காலி தந்த பெரியவருக்கும், பெயர் தெரியாத அந்தப் பச்சைக் காரை ஓட்டியவருக்கும் நன்றி. அன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வேகமாக வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் முடிக்கும்வரை திரைச்சீலையைப் பிடித்தபடி நின்ற நர்ஸ் சகோதரிக்கு என் நன்றி. அவர் பெயரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்த மலரின் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.