அவர் தள்ளிய நாற்காலி

காலை பத்து இருபதுக்கு எல்லாம் தவறத் தொடங்கியது. எம்.பி. வரப் பன்னிரண்டு ஆகும், ஐந்து நிமிடம்தான் தருவார் என்றார் அவர் அலுவலக வரவேற்பில் இருந்த பெண். மகளைப் போன்ற மாற்றுத்திறனாளிகளை ஓவிய வகுப்புக்குக் கூட்டிப் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். திங்கள்தோறும் அவள் இன்னும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொல்லத்தான் போயிருந்தேன்.

அங்கே சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. நூலகத்துக்குச் சாய்தளம் கேட்டு ஐந்தாவது முறையாக மனுக் கொடுத்துவிட்டு டாக்சிக்குக் காத்திருந்தவர். யார் பேச வந்தாலும் முதலில் வந்தவர் பக்கம் ஒரு நாற்காலியைத் தள்ளினார். எனக்கும் தள்ளினார்.

“இருங்கோ தம்பி. நீங்கள் நிண்டு கதைச்சா எனக்குக் கழுத்து நோகும். பிள்ளை எங்கை?”

“வீட்டுல இருக்கா அண்ணா. இங்க வந்தா சத்தம் போடுவா. ரிப்போர்ட் எல்லாம் ஃபைல்ல இருக்கு.”

“ஓம், நல்ல மொத்தமான ஃபைல். பஸ்ஸில போறது ஃபைலோ?”

சுருக்கென்றது. உடனே மனைவிக்கு ஃபோன் செய்தேன். அதற்குள் அவருடைய டாக்சி வந்தது. “போட்டு வாறன்” என்று போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எங்கள் பகுதியான பென்டில் ஹில்லின் கடைத்தெருவில் சக்கர நாற்காலியைக் கண்டால் இன்றும் நின்று பார்க்கிறேன்.

பன்னிரண்டுக்கு எம்.பி. வந்து, நின்றபடியே கைகொடுத்தார். நான் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். உட்கார்ந்தார். அப்போதுதான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் உள்ளே வந்தாள். நேரே அவர் முன்னால் போய் நின்று, அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்: “வேர் இஸ் மை பஸ்?”