சன்னலுக்கு வெளியே ஒன்பது சனிக்கிழமைகள்

எங்கள் மாதா கோயில் பங்குத் திருவிழா மலருக்காக அனிதா மேரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் சாமியார். ஓரகத்தியைப் பற்றி ஓரகத்தியிடமே கேட்டது அவர் தப்பு. கோயில் மலர் என்பதால் பொய் எழுதப்போவதில்லை. அவ்வளவுதான் என்னால் முடியும்.

அனிதா வருசநாட்டுக்காரி. அவள் அப்பா பெயர் இருதயம், அங்கே பள்ளிக்கூட வாத்தியார். பன்னிரண்டாவது முடித்து, நர்ஸ் உதவியாளர் படிப்பு ஒரு வருடம் படித்து, தேனியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முன் என் கொழுந்தன் சகாய பிரவீனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரே காம்பவுண்டு, இரண்டு அடுப்பு, பொதுவில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. அவள் வைக்கிற ரசம் வெறும் தண்ணீராகத்தான் இருக்கும். அதையும் எழுதாமல் விட எனக்கு மனசில்லை.

அவள் வருவதற்கு முன்பே இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கைப்பிள்ளைக்காரிகள் நேரே என் வாசலுக்கு வருவார்கள். சுட்ட வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் கல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்து, பிள்ளையின் நாக்கில் தடவிவிடுவேன். சளிக்குத் துளசிக் கஷாயம், வயிற்று உப்புசத்துக்கு ஓமம், தீப்புண்ணுக்கு இட்லி மாவு. "ஜெயமேரி அக்கா கை பட்டாப் போதும்" என்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த ஒரு பேச்சில்தான் என் வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

போன தை மாதம் பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரியின் மகள் காலில் கொதிக்கிற கஞ்சி கொட்டிவிட்டது. நான் மாவுக் கரண்டியோடு ஓடினேன். அதற்குள் அனிதா பிள்ளையைக் குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

"மாவு வேணாம்க்கா, புண்ணு சீழ் பிடிச்சிரும். இருபது நிமிசம் தண்ணி மட்டும் விழட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள், அத்தனை பேர் முன்னால்.

கையில் கரண்டியோடு நின்றேன். கரண்டியிலிருந்து மாவு சொட்டியது. பிள்ளையின் கால் தழும்பில்லாமல் ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை.

அதிலிருந்து பிறந்ததுதான் சனிக்கிழமை வகுப்பு. மாதா கோயில் ஹாலில் மதியம் மூன்று மணிக்கு, தாய்மார்களுக்கு முதலுதவி. ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பாள். முப்பது பேர் கூடினார்கள். மேலத்தெரு பஞ்சம்மாள் மருமகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள். "ஏத்தா ஜெயமேரி, நீயும் வந்து இங்கன உக்காரலாம்ல?" என்று கேட்டாள். பீடத்துக்குப் பூ வைக்கிற வேலை இருக்கிறது என்றேன்.

வேலை இருந்தது உண்மை. பூவை நனைக்கிற குழாய் ஹாலின் பக்கவாட்டுச் சன்னலுக்குக் கீழே இருந்ததும் உண்மை. ஒன்பது சனிக்கிழமை அங்கே நின்று சம்பங்கியை நனைத்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் நின்றேன், கண்டும் பிடித்தேன். குரல் மெல்லிசு. ஆட்கள் முன்னால் நிற்கத் தெரியவில்லை. எதிரே முப்பது பேர் இருக்க, சன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு பொம்மையைப் பிடிக்கிறாள். பாவம், கடைசி வரிசைப் பெண்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு நாள் யாரோ வசம்பைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டுந்தான். வேற எதுவும் நாக்குல படக்கூடாது" என்றாள். கூடவே, "பெரிய பிள்ளைகளுக்குத் தொண்டை கரகரப்புன்னா எங்க அக்கா போடுற கஷாயம் மாதிரி வராது" என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்குப் பிச்சை போட்டது போல இருந்தது. அடுத்த ஞாயிறு என் வாசலுக்கு இரண்டே பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை.

வயிறு எரிந்தது. ஊரே பார்க்க அவள் ஒரு நாள், ஒரே ஒரு நாள் தவற வேண்டும் என்று மாதாவிடமே கேட்டேன்.

மாதா கொடுத்தாள். சித்திரையில் திராட்சை வெட்டு. தோட்டத்துக் கொட்டகையில் பத்துப் பெண்கள் பழத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். குலையிலிருந்து உதிர்ந்த பழத்தை வாளியில் போட்டுப் பிள்ளைகளுக்கு விடுவது எங்கள் வழக்கம். அனிதாவின் மகள் சாராளுக்கு இரண்டரை வயது. வாளியில் கைவிட்டுத் தின்று, சிரித்து, குதித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். இருமல் இல்லை, அழுகை இல்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

அனிதா பாய்ந்து தூக்கி உச்சந்தலையில் தட்டினாள். புரையேறினால் எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற காரியம் அது. செய்யாதீர்கள் என்று வாரம் தவறாமல் சொன்னவளும் அவள்தான். பிறகு வாய்க்குள் விரலை விட்டாள். அதுவும் கூடாது என்றவள்தான். "சாராளு, சாராளு" என்று கத்தினாளே தவிர வேறு எதுவும் அவள் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

அடுத்த நொடி பிள்ளையைப் பிடுங்கி, தலை தாழத் தொடையில் குப்புறப் போட்டு, முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டினேன். நான்காவது தட்டில் முழுத் திராட்சை ஒன்று தெறித்து விழுந்தது. சாராள் வீறிட்டு அழுதாள். அனிதா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

"படிச்சவ உச்சியில தட்டுறா. ஜெயமேரி அக்கா பட்டுன்னு எடுத்துட்டாக. அது கை ராசி" என்று ஊர் பேசியது. ஞாயிறு என் வாசலில் பதினொரு கைப்பிள்ளைகள். முந்தின நாள் சனிக்கிழமை வகுப்புக்கு ஒருவரும் போகவில்லை. எங்கே கற்றாய் என்று பஞ்சம்மாள் கேட்டதற்கு, "நானாத் தெரிஞ்சுக்கிட்டது" என்றேன். வசம்பை மட்டும் அன்றைக்கு என்னால் இழைக்க முடியவில்லை. கல் உடைந்துவிட்டது என்று எல்லாரையும் அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அனிதாவிடம் போனேன். "அந்த அடி உன் வகுப்புல பாத்ததுதான். சன்னல் வழியா" என்றேன்.

"தெரியும்க்கா. மொத வாரமே நீங்க நிக்கிறதைப் பாத்தேன். கூப்பிட்டா போயிருவீகன்னுதான் பொம்மையை அந்தப் பக்கமாப் பிடிச்சேன்."

நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சன்னலைச் சாத்தியிருப்பேன்.

அதனால் அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். சாராளைக் காப்பாற்றியது கை ராசி இல்லை, அனிதா மேரி சொல்லிக்கொடுத்த பாடம். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளைக்காரிகள் எல்லாரும் ஹாலுக்குப் போங்கள். நானும் வருகிறேன், உள்ளே முன்வரிசையில் உட்காருவேன். இனியாவது அவள் ஆட்களைப் பார்த்து நிற்கட்டும்.